முட்டை லொறிக்கு வழி சொல்ல ஒரு பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் லொறியை எடுத்துக்கொண்டு லிந்துலைச் சந்தி வரைதான் போனேன். அதற்கு மேல் அக்கரப்பத்தனைப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு எங்கே திரும்புவதென்று தெரியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இருபது வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் அதே பாதையில் போய்வந்தவள் நான். ஆனால் இடது பக்கம் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, போனில் கடைகளின் முட்டை ஓடர் எடுத்துக்கொண்டே போனவள். ஒவ்வொரு தோட்டத்துக் கடைக்காரரையும் குரலை வைத்தே தெரியும். கடை எந்த வளைவில் என்று கேட்டால் தெரியாது. பாதை வீட்டுக்காரர் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு. அப்படியே ஓடிவிட்டது.

பொங்கல் முடிந்து வத்தளையில் மகன் கிஷாந்த் வீட்டுக்குப் போன மனிதர் இன்னும் வரவில்லை. முதுகு வலியாம். "முட்டை யாவாரம் போதும், லொறிய வித்துட்டு நீயும் வா" என்றார். மாட்டேன் என்றேன். சண்டைகூடப் போடவில்லை. அதுதான் மனதில் கிடக்கிறது.

வைத்துப் பார்த்த இரண்டு ட்ரைவரும் சரியில்லை. ஒருவன் முட்டையை வைத்துக்கொண்டு வளைவில் பறக்கிறான். மற்றவன் சொல்லாமலே நின்றுவிட்டான். லைசன்ஸ் என்னிடம் இருக்கிறது. நானே ஓட்டப்போகிறேன். சித்திரை வருஷப் பிறப்பு வியாபாரத்தைக் கோட்டைவிட்டால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். பிறகு என்ன, வத்தளையில் மருமகள் குசினியில் ஒரு மூலைதான்.

மார்ச் 6, வியாழன்

போனில் மேப் போட்டுப் போனேன். மகன் சொன்னபடி, சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும்படி மேப்பை முன்னமே போனுக்குள் இறக்கியும் வைத்திருந்தேன். வழி காட்டத்தான் செய்தது. ஆனால் ஒரு கடைக்காரர் கூப்பிட்டால் மேப் மறைகிறது. பேசி முடிப்பதற்குள் சந்தி போய்விடுகிறது. கூப்பிடாதே என்று யாவாரியிடம் சொல்ல முடியுமா?

போன் வியாபாரத்துக்கு. பாதைக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

மார்ச் 8, சனி

ஹட்டனில் வாகன ரேடியோ விற்கும் கடைக்குப் போனேன். தனுஜா என்று ஒரு பிள்ளை, நல்ல வாய். மூன்று ஜி.பி.எஸ். பெட்டி எடுத்து வைத்தது.

ஒன்று பெரிய திரை, பாட்டும் படமும் வரும். நான் படம் பார்க்கப் போகவில்லை. அடுத்தது மலிவு. சிங்களமும் இங்கிலீசும் பேசுகிறது, ஆனால் அதில் இருந்த மேப்பில் அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு கோடுகூட இல்லை, வெறும் பச்சை. மூன்றாவது தமிழ் பேசும், மேப் உள்ளேயே இருக்கும், சிக்னல் வேண்டாம், நாம் நிற்கும் இடத்தை நம் இஷ்டப்படி பேர் போட்டு வைக்கலாம். விலைதான் தொண்டையில் நின்றது.

"ஆம்பளக் கொரலும் இருக்கு, பொம்பளக் கொரலும் இருக்கு அக்கா. எத வைக்க?" என்று கேட்டது.

"பொம்பள. ஆம்பள சொன்னத இருவது வருசம் கேட்டாச்சு."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். காசு கொடுப்பதற்கு முன் அந்தப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு டிக்கோயா வரை ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் இரண்டு தரம் விழுந்தது. அதைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

புத்தி, புத்தி என்று சொல்லிக்கொள்வேனே, இன்றைக்கு எங்கே போயிற்று? பெட்டியில் 'விரைவான வழி', 'குறுகிய வழி' என்று இரண்டு உண்டு. டீசல் மிச்சம் என்று குறுகியதை அமுக்கினேன். அது என்னைப் பெரிய ரோட்டிலிருந்து இறக்கித் தேயிலை மலைக்கு நடுவே கொழுந்து ட்ரக்டர் போகிற மண் பாதையில் விட்டது. 'நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும்' என்கிறது, நியூஸ் வாசிக்கிற மாதிரி. பின்னால் முட்டைத் தட்டெல்லாம் தாளம் போடுகிறது.

பறித்த கொழுந்தை நிறுக்கக் காத்திருந்த பெண்கள் லொறியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"முட்டக்கார அக்காவா? இராமையா அண்ணன் எங்கக்கா?"

"கொழும்புப் பக்கம்."

"அதான் பொட்டியக் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. அண்ணனா இருந்தா இந்தப் பக்கம் வருவாரா?"

கீழே ஃபெக்டரி முற்றத்தில் வட்டமடித்துத் திரும்பலாம் என்று அவர்களே சொன்னார்கள். ஓடு விரிசல் விட்டு விரிந்த முட்டையெல்லாம் அவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். நஷ்டம் நஷ்டம்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பூசணித் தோட்டம் என்று அடித்தால் 'அப்படி ஓர் இடம் இல்லை' என்கிறது. பெட்டிக்குத் தெரிந்தது கம்பனிப் பலகையில் இருக்கிற இங்கிலீசுப் பேர். நமக்குத் தெரிந்தது நம் ஆட்கள் வைத்த பேர். கடைக்காரர் ஒருவருக்கும் பலகைப் பேர் வாயில் வராது. வீட்டுக்காரருக்கு இரண்டும் தெரியும்.

மார்ச் 17, திங்கள்

அவரைக் கூப்பிட்டேன். பூசணித் தோட்டத்துப் பலகைப் பேர் என்ன என்று கேட்கத்தான். அங்கே வெயில் என்றார். இங்கே மழை என்றேன். சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. அப்புறம் அங்கே முட்டை என்ன விலை என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

ஏன் கேட்கவில்லை? கேட்டால் 'பாத்தியா' என்பார். அந்த ஒரு சொல்லுக்காக.

மார்ச் 20, வியாழன்

வழி கண்டுபிடித்தேன். தோட்டங்களுக்குப் போகிற பஸ் பின்னாலேயே போகிறேன். கடை வந்ததும் வாசலில் நிறுத்தி, அந்த இடத்தைப் பெட்டியில் என் பாஷையில் பதிகிறேன். 'மீனம்மா மேற்பிரிவு'. 'பத்துக்காம்பரா லயத்துக் கடை'. 'பூசணி, கோயிலுக்குக் கீழே'. அடுத்த தரம் தொட்டால் போதும். மண் பாதை வேண்டாம் என்றும் போட்டாயிற்று.

ஏப்ரல் 2, புதன்

நேற்று ஒரு கடை விடாமல் போய்வந்தேன். சொல்ல ஆள் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. கேக் அடிக்கிற ஊர் முழுக்க என் முட்டைதான். வியாபாரம் நன்றாக முடிந்தது. பேரனுக்குக் காய்ச்சல், அதனால் வரவில்லை என்று கிஷாந்த் சொன்னான். அவர் பேசவில்லை. தூங்குகிறாராம், காலை பத்து மணிக்கு.

பாற்சோறு ஆக்கினேன். ஒருத்திக்கு ஆக்கத் தெரியவில்லை, மிஞ்சிப்போயிற்று. ஒரு வேலையும் இல்லாமல் லொறியில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியதும் பெட்டி பேசியது. 'எங்கே செல்ல வேண்டும்?'

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

மே 24, சனி

இப்போது பாதை மனப்பாடம். பாதி நாள் பெட்டி தேவையே இல்லை. ஆனாலும் போடுகிறேன். 'இடதுபுறம் திரும்பவும்' என்றால் 'சரிங்க' என்று வாயில் வந்துவிடுகிறது. அக்கரப்பத்தனை மேற்பிரிவில் கடை வைத்திருக்கிற மீனம்மா இன்று கேட்டுவிட்டாள்.

"யாரோட அக்கா பேசிக்கிட்டு வாறீங்க?"

"ஓடர் எடுக்கிறேன்" என்றேன். போன் என் கைப்பையில் இருந்தது. அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

வந்திருக்கிறார். லிந்துலையில் பழைய கூட்டாளியின் கருமாதி. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குத் திரும்பப் போவதாகச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். மெலிந்திருக்கிறார். வத்தளை எப்படி என்றேன். "நல்லாத்தான் இருக்கு. காலையில எழும்பி எங்க போறதுன்னுதான் தெரியல" என்றார்.

சோறு போட்டு வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று லொறியில் ஏறி இடது பக்கம் உட்கார்ந்தார். சும்மாதான் என்றார். போன் அடித்தது, கையில் கொடுத்தேன். ஆ, சரி, சரி என்று கேட்டுக்கொண்டு வைத்தார். எத்தனை தட்டு என்று கேட்டால் தெரியாது. "இவ்வளவு வேகமாவா பேசுவானுங்க?" என்றார். பெட்டி பேசும்போதெல்லாம் அதை முறைத்தார்.

பூசணிக்கு முந்தின பாதைப் பிரிவில் பெட்டி வலது என்றது.

"இடது. அதுக்கு என்ன தெரியும்?" என்றார்.

இடது பாதையில், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற போக்கு உடைந்துவிட்டது. போன மாத மழையில் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. நான் பெட்டியில் வழியை வலதுக்கு மாற்றிப் பதிந்து இரண்டு வாரம். சொல்ல வாய் வரை வந்தது. அவர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் திருப்பினேன்.

வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த வளைவில் ஹோன் அடி. இங்கே தண்ணி வடியும், வழுக்கும். இந்த மேட்டில் கியரை மாத்து. பொங்கலுக்குப் பிறகு இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. அப்புறம் கல் குவியல் வந்தது, ஒரு கம்பில் சிவப்புத் துணி. அதற்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை. பேச்சு நின்றது. பெட்டி மட்டும் 'திரும்பிச் செல்லவும்' என்றது. பெட்டியை அமத்தினேன்.

திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் பள்ளம். அவர் இறங்கினார். தூறலுக்கு வெறும் உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றார். கண்ணாடியில் அவர் கை மட்டும் தெரிந்தது.

"வா. வா. இன்னும் வா. வலதுக்கு ஒடி. போதும். நேரா வா."

பிரிவு வரை அப்படியே நடந்தார். நான் கையை மட்டும் பார்த்து வந்தேன். ஒரு முட்டை விரியவில்லை.

ஏறி உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார்.

"போக்கு ஒடஞ்சது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். மீனம்மா கடை தாண்டிய பிறகுதான் கேட்டார்.

"சனிக்கெழம எந்தப் பக்கம் போறோம்?"

பொகவந்தலாவை என்றேன்.