சத்தம் போடாத சர்வர்

மார்ச் 3, திங்கள்

டெஸ்ட் ரிப்போர்ட் கம்ப்யூட்டர் இன்று காலையும் எழுந்திருக்க அடம்பிடித்தது. கிளினிக்கில் இப்படி நான்கு கிழங்கள்: டோக்கனுக்கு ஒன்று, காது டெஸ்ட் ரிப்போர்ட்டுகளுக்கு ஒன்று, ஃபைல்களுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. நாலையும் ஒரே சர்வருக்குள் விர்ச்சுவல் மெஷின்களாகக் குடிவைத்துவிடலாம் என்று ஒரு வருடமாகப் பெரிய டாக்டரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். இன்று தலையசைத்துவிட்டார். "நீயே பாத்து வாங்கு. ஆறு வருஷம் என்கிட்ட வரக் கூடாது."

மார்ச் 5, புதன்

பட்டியல் போட்டாயிற்று. ரேம் 64 போதும். ஆனால் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் பதிகிற மாதிரி டிஸ்க்குகள் ஜோடி ஜோடியாக. பவர் சப்ளை இரண்டு.

வைக்க ஒரே இடம்தான் இருக்கிறது: டெஸ்ட் பூத்துக்குப் பக்கத்து அறை. காது டெஸ்ட் எடுக்கிற ஆடியோலஜி மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "தம்பி, உன் மெஷின் இரைஞ்சா என் டெஸ்ட் அத்தனையும் தப்பாப் போயிடும். ஊசி விழுந்தாக்கூட எனக்குத் தெரியணும்." சத்தம் அளக்கும் மீட்டரை அவரே கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 8, சனி

மனைவி மறுபடி ஆரம்பித்தாள். மழலையர் வகுப்பு டீச்சர். எல்லாக் குழந்தையையும் எடைபோட்டுப் பார்க்கிற கண்.

"ரெண்டரை வயசாகுதுங்க. என் க்ளாஸ்ல இதைவிடச் சின்னது எல்லாம் வாய் ஓயாமப் பேசுது. ஒரு தடவை உங்க கிளினிக்ல காட்டிடலாமே."

"நானே மூணு வயசுலதான் வாயத் தொறந்தேன்னு அம்மா சொல்லுவாங்க. விடு."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

பேச்சை மாற்றிவிட்டேன். எங்கள் மகள் வாலுவுக்கு என்ன குறை? கண்ணிலேயே பேசுகிறவள். மதியம் டிவி ஒயரைப் பிடித்து இழுத்தாள். பின்னாலிருந்து மூன்று தடவை கத்தினேன். நிறுத்தவில்லை. போய்க் கையைத் தட்டிவிட்டேன். விக்கி விக்கி அழுதாள்.

மார்ச் 11, செவ்வாய்

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு பழைய ரேக் சர்வரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "யானை சார் இது! நாலு என்ன, நாப்பது மெஷின் ஓடும்." ஓடியது. பிளிறவும் செய்தது. பூத்துக்குள் மேடம் இரண்டு காதையும் பொத்திக் காட்டினார். யானையை வந்த வண்டியிலேயே ஏற்றிவிட்டேன். நிற்க வைக்கிற டவர் மாடலைச் சனிக்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பெரிய விசிறிகள், மெதுவாகச் சுற்றும். என் கணக்குச் சரியென்றால் அதுதான் இந்த அறைக்கு ஏற்றது.

மார்ச் 15, சனி

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

மனைவிக்குப் பள்ளியில் கூட்டம். வாலுவை என்னிடம் விட்டுப் போனாள். மதியத்தோடு கிளினிக் காலி. நான், மேடம், கடைக்காரர் மூவரும் சர்வரைப் பிரித்தோம். பெட்டியில் வந்த வெள்ளை நுரைக்கட்டைகளை வாலு தரையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சர்வருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மூன்றடிதான் இருக்கும்.

பொத்தானை அழுத்தினேன். எந்த சர்வரும் முதலில் எல்லா விசிறியையும் முழு வேகத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடங்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் உடம்பு தூக்கிப்போட்டது. கடைக்காரர் "ஐயையோ" என்று பின்னால் நகர்ந்தார். மேடம் கையில் இருந்த டம்ளரிலிருந்து தண்ணீர் சிந்தியது. மீட்டரில் அறுபத்தெட்டு டெசிபல்.

வாலு நாலாவது கட்டையை வைத்தாள்.

அது சாயாமல் நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஐந்தாவதை எடுத்தாள்.

விசிறிகள் அடங்கின. கடைக்காரர், "பாத்தீங்களா சார், இப்ப மூச்சே விடல" என்றார். நான் மீட்டரைப் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்தேன். அவர் வாலுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவள் முதுகுக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, இரண்டு கையையும் பலமாகத் தட்டினார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"தம்பி, பாப்பாவை பூத்துக்குள்ள கூட்டிட்டு வா."

மார்ச் 15, மாலை

மனைவியிடம் என்னவென்று சொல்வது? சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 18, செவ்வாய்

தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற டெஸ்ட். திரையில் அலை அலையாக மேடு பள்ளம் வர வேண்டும். அந்த மெஷினைப் போன வருடம் மாட்டிக் கொடுத்தவனே நான்தான். ஒயர் சரியாக ஒட்டவில்லையோ, போர்ட் மாறிப்போயிற்றோ என்று குனிந்து குனிந்து பார்த்தேன். மேடம் என் தோளைத் தொட்டார். "மெஷின்ல ஒண்ணும் இல்லப்பா."

தொண்ணூறு டெசிபல் வரை ஏற்றிப் பார்த்தார். இடது காதில் வெறும் நேர்கோடு. வலது காதிலும் கோடு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் மனைவி உடைந்தாள். "உங்க கிளினிக்குக்கு எங்கிருந்தெல்லாமோ பஸ் ஏறி வராங்க. நீங்க தெனமும் அங்கதானேங்க இருக்கீங்க? ஒரு வருஷமாச் சொன்னேனே. ஒரு வருஷம்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைபவனாவது அலைகிறான். நான் அலையக்கூட இல்லையே. பூத்துக்கு வெளியே தினமும் அழுகிற அம்மாக்களைக் கடந்துதானே போகிறேன்? அந்த வரிசையில் நான் உட்காரக் கூடாது என்பதற்காகவா கூட்டிப்போகாமல் இருந்தேன்? எனக்குத் தெரிந்தே இருந்ததோ?

"காது கேக்கல? சொன்னாக் கேக்க மாட்டே?" எத்தனை தடவை கத்தியிருப்பேன். அன்றைக்கு அந்தக் கையைத் தட்டிவிட்டேனே. அவளுக்குப் பின்னால் யாரும் கத்தவில்லை. திடீரென்று அப்பா வந்தார், அடித்தார். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஐயோ, என் கண்ணே.

மார்ச் 21, வெள்ளி

டவரே முடிவு. பெரிய டாக்டரிடம் காகிதத்தை நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, "வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 29, சனி

டிஸ்க்குகள் வந்தன. மாட்டினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே நாலு கிழங்களையும் ஒவ்வொன்றாக மாற்ற உட்கார்ந்தேன். டோக்கன், ஃபைல், கேமரா மூன்றும் பிசகில்லாமல் ஏறிவிட்டன. ரிப்போர்ட்டுகள் கடைசி. மாற்றி முடித்ததும் வழக்கம்போல முதல் ரிப்போர்ட் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி ஒன்று என்று திறந்து சரிபார்த்தேன்.

போன மாதம் பதியாமல் விட்டுப்போன ரிப்போர்ட் ஒன்றை நேற்றுத்தான் ஏற்றியிருக்கிறார்கள் போல. கடைசியாக இருந்தது எங்கள் வாலுவுடையது. பெயர். வயது: இரண்டு வருடம் ஏழு மாதம். தகப்பன் பெயர். இரண்டு கோடுகளும் பழைய மெஷினில் இருந்தபடியே, ஒரு புள்ளி பிசகாமல் வந்திருந்தன. "சரிபார்க்கப்பட்டது" என்று நான்தான் குறிக்க வேண்டும். குறித்தேன். பிறகு அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்து, யாரும் இல்லாத தைரியத்தில் வாய்விட்டு அழுதேன். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சலே இல்லை. அதனால் என் சத்தம் எனக்கே நன்றாகக் கேட்டது.

மே 9, வெள்ளி

காதுக் கருவி மாட்டி நாலு வாரம். பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாள். பெரிதாகப் பலன் இல்லை என்று மேடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆபரேஷன் பற்றியும் பேசினார். இவள் மண்டைக்குள் நரம்பு இருக்கிற விதத்தில் அதற்கும் வழியில்லையாம். "கையால பேசக் கத்துக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் அவளுக்கு முன்னாடி கத்துக்குங்க. இன்னும் நாள் கடத்தாதீங்க."

"இன்னும்" என்ற சொல்லை மேடம் வேண்டுமென்று சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

மனைவியின் அக்கா ஊரில் காது கேளாத குழந்தைகளுக்கு நல்ல பள்ளி இருக்கிறது. வாலுவுக்கு இடம் கிடைத்துவிட்டது. மனைவியும் அங்கேயே வேலை தேடிக்கொள்கிறாள். எனக்கு இங்கே வேலை. பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஜன்னலோரம் உட்கார வைத்தேன். என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

"கோபமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"இருக்கு," என்றாள். "ஆனா நீங்க வராம இருந்துடாதீங்க."

ஜூன் 11, புதன்

வீடியோ காலில் பேசுவதென்றால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேச முடியாது. இரண்டு கையும் வேண்டும். தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். வாலு திரைக்கு மிக அருகில் வந்து மளமளவென்று ஏதோ சொன்னாள். பதினேழு நாளில் விரல்களுக்கு இப்படி ஒரு வேகம்! ஒன்றும் புரியவில்லை. திரும்பச் சொன்னாள். திரும்பவும் புரியவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"எப்ப வருவீங்கன்னு கேக்குறா," என்றாள் மனைவி.

சனிக்கிழமை. அதைக் கையால் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மனைவி பொறுமையாக, மெதுவாக, இரண்டு தடவை செய்து காட்டினாள். நான் செய்தேன். தப்பு. வாலு தலையை ஆட்டினாள். தன் கையைத் திரைக்கு நேராக நீட்டி, சுட்டுவிரலை இப்படி மடக்கு என்று காட்டிக் கொடுத்தாள்.

மடக்கினேன்.