அளவு ரவிக்கை

நிக்டி, புனே
17-2-2003

சிரஞ்சீவி நிர்மலுக்கு அம்மா எழுதுவது. அம்பாள் தயவில் இங்கே நானும் உன் பெண்டாட்டி அகல்யாவும் க்ஷேமம். நீ சௌக்கியமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை கை வரவில்லை.

அவள் உன்னிடம் திரும்பி வர நீ அனுப்பின டிக்கெட் கூரியரில் வந்தது. அவள் வரமாட்டாள். ஃபோனில் சொன்னால் நடுவில் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டாயே, அந்த பாத்ரூம் எனக்குத் தெரியாதாடா? உன் அப்பா இருந்தவரை நானும் அதிலேதான் விழுந்துகொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தில் நான் அப்படிச் சொல்லும்போது நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். பால் கணக்கில் ஒரு நாள் தப்பாதவள், எத்தனை தரம் விழுந்தேன் என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. பொய் நான் சொன்னது, பாடம் நீ படித்தது.

நான் அவளைத் தையல் வகுப்புக்கு அனுப்பி உன் மானத்தை வாங்குகிறேன் என்றாயாம். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அடிபட்டு வந்தவர்கள்தான், யாரும் யாரையும் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. முதல் வாரம் பழைய தையலைப் பிரிக்க வேண்டும், டீ குடிக்க வேண்டும், அவ்வளவுதான். அளவு எடுக்கக் கற்றுக்கொடுக்கும் வைஷாலி இவள் தோளில் டேப்பை வைக்கப் போனதும் இவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டுவிட்டாள். வைஷாலி டேப்பைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு உன் பழைய ரவிக்கை ஒன்று எடுத்து வா, அதிலிருந்து அளவு பார்க்கலாம் என்றாளாம். தொட்டால் பதறுகிறவர்களுக்கு அங்கே அதுதான் வழக்கம். போன மாசம் இவள் ஒரு ரவிக்கைத் துணியில் இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள். கூடப் படிக்கிற பார்வதி, யாரடி அந்த மகராசி, இரண்டு பக்கமும் இடது கை முளைத்தவள் என்று கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அகல்யா சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இப்போது ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற ஆர்டரில் அவளுக்கும் பங்கு உண்டு.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும், உங்களுக்கு ஒரு ரவிக்கை தைக்கிறேன், கையைத் தூக்குங்கோம்மா என்று டேப்பை எடுத்து வந்தாள். தோளில் பட்டதுதான் தாமதம், நான் முகத்தை மூடிக்கொண்டேன். உன் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து என் பழைய ரவிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். அவளுடைய டிகிரி சர்டிபிகேட்டெல்லாம் உன்னிடம் இருக்கிறது, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு, மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. அம்பாள் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும், அதற்கு மேல் ஆசீர்வாதம் எழுத இன்றைக்கு முடியவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
தர்மாம்பாள்