கிணற்றின் மேல் போட்ட பழி

சமையலறையில் அந்தப் புளித்த நெடி இன்னும் போகவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது என்று நேற்று செங்கல் ஊரிலிருந்து பிளம்பரை வரவழைத்தேன். அவருக்கு இடம் ஒதுக்க அங்கிருந்த சாமான்களை இழுத்துப் போட்டபோது, ரப்பர் பால் உறைய ஊற்றும் உங்கள் ஆசிட் கேனும் வந்தது. நீங்கள் போனபிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆளில்லை. ஆனாலும் கேனை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

கொட்டகையில் வைத்தால் பேரப்பிள்ளைகள் எடுத்துவிடும் என்று நீங்கள்தான் அதை உள்ளே கொண்டுவந்தீர்கள். "இங்கதான் பத்திரமாக்கும்" என்றீர்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

பிளம்பர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சேச்சி, இதுக்க மூடி கீறிக் கெடக்கு. இந்த ஆவியாக்கும் குழாயைத் தின்னது."

"கெணத்து வெள்ளமில்லியா?" என்றேன். இத்தனை காலமும் கிணற்றுத் தண்ணீரைத்தானே குற்றம் சொல்லி வந்தோம்.

"வெள்ளமாயிருந்தா உள்ளயில்லா அரிக்கும்?"

கழற்றிய இரும்புக் குழாயைக் காட்டினார். வெளிப்புறம் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே பெரிய சேதம் ஒன்றுமில்லை.

அந்தக் கிணற்றை என்ன பேச்சுப் பேசினீர்கள்! செம்மண் ஊற்று, இரும்பையே தின்கிறது என்று கொல்லயில் ஊர் முழுக்கச் சொல்லி நடந்தீர்கள். கடைசியில் அதன் வாயில் காங்கிரீட் பலகையைப் போட்டு மூடி, பஞ்சாயத்துக் குழாய்க்கு மாறினோம். அதற்குப் பிறகும் குழாய் அரித்ததே, அப்போதாவது நமக்கு உறைத்திருக்க வேண்டாமா? "பழைய வெள்ளத்துக்க சேதம் இப்பதான் வெளிய வருது" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தீர்கள். உங்களிடம் பேசி யார் ஜெயிக்க?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். அந்தச் சாயங்காலம் மட்டும் இல்லாதிருந்தால்.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைத் திருப்பி அனுப்பிய வாரம் அது. எதுவும் இறங்காமல் படுத்திருந்தீர்கள். திடீரென்று என் கையைப் பிடித்து, "நம்ம கெணத்து வெள்ளம் ஒரு வாய் தா" என்றீர்கள். நான் சீரக வெள்ளத்தை நீட்டினேன். "இரும்பையே தின்ன வெள்ளம், ஒங்க வயிறு தாங்குமா?" என்றேன். நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்குள் ஏறியதைத்தான் உங்களிடமே திருப்பிச் சொன்னேன். "அதும் சரிதான்" என்று சிரித்தீர்கள். பாதி குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளினீர்கள். பிறகு கேட்கவே இல்லை.

அக்கறையால்தான் மறுத்தேன். அதை இத்தனை நாள் நல்ல காரியம் என்றுகூட நினைத்திருந்தேன்.

இன்று காலை மகனை அழைத்துப் பலகையை நகர்த்தச் சொன்னேன். தண்ணீர் தெளிந்து, அடி தெரியக் கிடந்தது. ஒரு தம்ளர் மொண்டு வந்து மேசையில் வைத்திருக்கிறேன். என்னால் குடிக்க முடியவில்லை. நீங்கள் கேட்டது ஒரு வாய்தானே.