பேட்டரி வண்டியின் மேல் பழி இல்லை

போன வாரம் கோலாலம்பூரில் மகள் என்னை மின்சாரப் பேருந்தில் கூட்டிப்போனாள். பக்கத்தில் வந்து நின்றபோது டீசல் வாடை துளியும் இல்லை. ஏறுவதற்கு முன் அண்ணாந்து பார்த்தேன். மேலே கம்பி இல்லை. "எல்லாம் பேட்டரிம்மா" என்றாள். நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே ஓட்டுநரோடு வாதாடத் தொடங்கியிருப்பீர்கள்.

பினாங்கில் கம்பி பஸ் ஓட்டியவர் நீங்கள். கூரையில் இரண்டு நீளக் கோல்கள். அவை சாலைக்கு மேலே ஓடும் கம்பியைத் தொட்டுக் கரண்ட் இழுக்கும் என்று கையை உயர்த்திக் காட்டுவீர்கள். அந்தக் கம்பிகளைக் கழற்றிய பிறகுதான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு லோரி ஓட்ட வந்தீர்கள், என்னையும் கட்டினீர்கள். கொழுந்து பறித்துவிட்டு நான் அலுத்து வந்தாலும் உங்களுக்கு அதே பேச்சுதான்.

"பேட்டரி வண்டி தன் சோத்து மூட்டையத் தானே சுமக்குற வண்டி. ஏத்தத்துல மூச்சு வாங்கும். கம்பி பஸ்ஸுக்குப் போற வழியெல்லாம் சோறு கிடைக்கும்லா."

"கம்பி இல்லாத தெருவுல ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தா, உங்க பஸ் எப்படி வரும்?" என்பேன்.

உடனே கோப்பி கேட்பீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தை நடத்திய துரை ஒரு பேட்டரி வண்டி வாங்கினார். நிறுவைக் கொட்டகையிலிருந்து மேட்டிலிருக்கும் தொழிற்சாலைக்குக் கொழுந்து மூட்டை ஏற்ற. ஓட்ட உங்களைப் போட்டார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் ஏறினீர்கள், ஆனால் மூன்றாம் நாளே அதைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அந்தக் காலையில் பனி கலையவில்லை. வண்டிக்குச் சார்ஜ் முழுதாக ஏறியிருக்கவில்லை. "பாதி மூட்டைய இறக்குங்கய்யா, ரெண்டு நடையா ஏத்திடறேன்" என்று கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டீர்கள். "ஒரே நடையில ஏத்து. உனக்கு பேட்டரின்னாலே ஆகாதுன்னு தோட்டத்துக்கே தெரியும்" என்று அவர் சிரித்தார். நானும் இன்னும் நாலு பெண்களும் பக்கத்தில் நின்று கேட்டோம்.

கடைசி வளைவில் வண்டி நின்றது. பிரேக் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. பின்னால் உருண்டது. வெறுங்கூடையோடு நாங்கள் ஐந்து பேரும் அதே பாதையில் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தோம். "விலகுங்க!" என்று கத்திக்கொண்டே வண்டியை மண்சுவரில் திருப்பி மோதினீர்கள். எங்கள் மேல் ஒரு கீறல் இல்லை. உங்கள் இடது கால் மட்டும் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில்.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கிராணி ஒரு கடுதாசியோடு வந்தார். "கையெழுத்துப் போட்டுட்டா லேசான வேலை தருவாங்க. இல்லேன்னா தோட்டத்து வீட்டைக் காலி பண்ணணும்."

மலாய் மொழியில் எழுதியிருந்தது. "படிச்சு அர்த்தம் சொல்லுங்கய்யா" என்றேன். முகம் சுளித்துக்கொண்டே படித்தார். டிரைவரின் கவனக்குறைவு என்று இருந்தது.

நீங்கள் பேனாவுக்குக் கையை நீட்டினீர்கள். "புள்ளைங்க இருக்குல்ல. போட்டுடறேன்."

அந்தப் பேனாவை நான்தான் பிடுங்கினேன். "இவர் போட மாட்டாரு. பாதி மூட்டைய இறக்கச் சொன்னாரு, நீங்கதான் விடல. அதை எழுதிட்டு வாங்க."

கிராணி போன பிறகு நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். வீடு போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான். அதை உங்களிடம் காட்டவில்லை.

மறுநாள் காலை கூடையை எடுக்காமல் நிறுவைக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். அந்த நாலு பேரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் எங்கள் லயத்து வீடுகளின் பெண்கள் முழுக்க அங்கே இருந்தார்கள். "நாங்க உசுரோட இருக்கறதே அந்த மனுசனாலதான். அவரா கவனமில்லாதவரு?" என்று ஒருத்தி கேட்டாள். கொழுந்து செடியிலேயே முற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் துரையே இறங்கி வந்தார். ஐந்து பேரும் கேட்டதைக் கேட்டபடி சொன்னோம். பழைய கடுதாசி கிழிந்தது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்டது என்று புதியதை எழுதினார்கள். அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து சொன்னபோது நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். "நான் பயந்துட்டேன்" என்றீர்கள். அவ்வளவுதான்.

உங்கள் கால் பிறகு நேராகவே இல்லை. சாமான் அறையில் வேலை கொடுத்தார்கள். அந்த வண்டியைத் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் இடையே சமதரையில் ஓட்டினார்கள். வருடக்கணக்கில் முரண்டு பிடிக்காமல் ஓடியது. "பாத்தீங்களா, பேட்டரி மேல தப்பில்ல, ஏத்தினவங்க மேலதான்" என்பேன். "கம்பியா இருந்திருந்தா வண்டி நின்னே இருக்காது" என்பீர்கள். கண்ணை மூடும்வரை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் இன்றுவரை விடவில்லை.

இப்போது யார் எந்தக் கடுதாசியை நீட்டினாலும், பெற்ற மகளே நீட்டினாலும், படித்துக் காட்டச் சொல்கிறேன். "உங்களுக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்லையாம்மா?" என்று அலுத்துக்கொள்கிறாள். அலுத்துக்கொள்ளட்டும். அதில் யார் மேல் பழி எழுதியிருக்கிறது என்று தெரியாமல் என் பேர் அதன் அடியில் விழாது.