‘வேண்டாம்’ என்று ஒரு கட்டம்

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் எங்களைவிட்டுப் போன பிறகு ஒரு மிளகாய் வெள்ளாமை முடிந்துவிட்டது. இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் போலப் படுக்கையில் விழுந்தவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அதோடு, உங்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது.

உங்கள் கணினியை அண்ணன் இன்னும் இடம் மாற்றவில்லை. உங்கள் கட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது.

நாம் அதைத் தயார்செய்த நாட்கள் நினைவிருக்கிறதா? நரம்பு நோய் கை கால்களைத் தின்றுவிட்டு நாக்குக்கு வந்துகொண்டிருந்தது. வலது கை ஆட்காட்டி விரல் மட்டும்தான் உங்கள் சொல் கேட்டது. ராமேஸ்வரம் லாட்ஜில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர் நீங்கள். நான் ராமநாதபுரத்தில் கணினிக் கடையில் இருப்பவள். “ஒரு விரலு போதும் வசந்தா. ஒரே ஒரு பொத்தானுக்கு எல்லாத்தையும் கொண்டாந்துரு” என்றீர்கள்.

சின்னச் சின்ன புரோகிராம்களாகத் தேடிச் சேர்த்தோம். கிடைக்காததை நான் எழுதினேன். ஒன்று என் போனில் மணி அடிக்கும், ஒன்று மின்விசிறியை நிறுத்தும், ஒன்று செய்தி வாசிக்கும், ஒன்று எழுத்துப் பலகையைத் திறக்கும். குரல் நன்றாக இருந்தபோதே நீங்கள் பதிந்து வைத்த வாக்கியங்களைச் சொல்வதற்கும் ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் திரையில் ஒவ்வொரு கட்டம். மஞ்சள் வெளிச்சம் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய கட்டத்துக்கு வரும்போது நீங்கள் பொத்தானை அழுத்தவேண்டும், அந்த வேலை உடனே நடக்கும். தவறவிட்டால் வெளிச்சம் ஒரு சுற்று சுற்றி வரும்வரை காத்திருக்கவேண்டும். அதனால் எது முதல் கட்டம் என்பதில் நமக்குள் சண்டையே வந்தது.

நான் தண்ணீர் கேட்கும் கட்டத்தை முதலில் வைத்திருந்தேன். நீங்கள் திட்டினீர்கள். “தாகத்தை அடக்கிக்கிறலாம். தொண்டையில சளி அடைச்சா அது சுத்தி வார வரைக்கும் நான் இருக்கணும்ல?” அப்படித்தான் ‘தொண்டை’ முதல் கட்டமானது. மின்விசிறிக்கு முன்னால் டிவி நாடகத்தை வைக்கச் சொன்னீர்கள். வேர்த்தால் பொறுத்துக்கொள்வீர்களாம். அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம்!

அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். சாயங்காலம் மிளகாய்க் காட்டிலிருந்து வந்ததும் கணினியைப் போடுகிறார். மஞ்சள் வெளிச்சம் ‘பேச்சு’க் கட்டத்துக்கு வரும்வரை நின்று, பொத்தானை அழுத்துகிறார். “ஏங்க, காலைக் கழுவிட்டு வாங்க” என்று உங்கள் குரல் சொல்கிறது. போய்க் காலைக் கழுவிவிட்டு வருகிறார். முதலில் எனக்கு அழுகை வந்தது. இப்போது பயமாக இருக்கிறது, மதினி.

தை மாதம் பெரியபட்டினத்திலிருந்து மெஹர்பானு அக்கா எங்கள் கடைக்கு வந்தார். அவர் கணவர் காசிம் பாய், சொந்த வல்லத்தில் கடலுக்குப் போனவர். அவருடைய மருத்துவச் சீட்டை நகல் எடுக்கக் கொடுத்தபோது பார்த்தேன், உங்களுக்கு வந்த அதே நோய். பேச்சு போய்விட்டது. அவருக்கும் விரல்தான் மிச்சம். நான் உங்களைப் பற்றிச் சொன்னதும் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, எங்க வீட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போ. அவுக என்ன கேக்குறாகன்னே தெரியாம நாங்க தவிச்சுக் கிடக்குறோம்.”

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன்.

“அந்தப் பெட்டியத் தொடாத. அவ பேசுறது அதுலதான் இருக்கு.”

“அது இங்கனயேதான் இருக்கும்ணே. புரோகிராம மட்டும் பென்டிரைவுல எடுத்துக்கிறேன்.”

சம்மதமாகத் தலையை ஆட்டினார். ஆனால் நான் எடுத்து முடிக்கும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை.

பெரியபட்டினத்தில் ஒரு பழைய மடிக்கணினியில் எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தேன். உங்கள் வரிசையேதான், குரல் மட்டும் இயந்திரக் குரல். காசிம் பாய் வெளிச்சத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, எதையும் அழுத்தவில்லை. பிறகு எழுத்துப் பலகைக் கட்டத்தைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கத் தொடங்கினார். திரையில் இரண்டே சொற்கள் வந்தன. ‘வேண்டாம் எங்கே?’

“என்ன வேணாங்குறீக மச்சான்? கஞ்சியா? மருந்தா?” என்று அக்கா பதறினார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. தண்ணீர், தொண்டை, செய்தி, ஆள் கூப்பிட, எல்லாமே வேண்டும் என்று கேட்பதற்கான கட்டங்கள். ஒரே அழுத்தில் வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. யார் வந்து கட்டில் ஓரமாக நின்று உச்சுக்கொட்டினாலும், யார் வாயில் எதைப் புகட்டினாலும், அவர் சும்மா கிடக்கவேண்டியதுதான்.

அங்கேயே உட்கார்ந்து ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு கட்டங்கள் போட்டேன். அவர் உடனே ‘வேண்டாம்’ கட்டத்தை அழுத்தினார். அக்கா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, புருஷன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், அழுதார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உங்கள் நினைப்புத்தான். நீங்கள் ஏன் அந்தக் கட்டத்தைக் கேட்கவில்லை மதினி? தோன்றவில்லையா? கேட்டால் எங்கள் மனம் சங்கடப்படும் என்று விட்டுவிட்டீர்களா?

மறுநாள் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் இதைச் சொன்னேன். “மதினிக்கு வேண்டாம்னு சொல்லக் கட்டமே இல்லாமப் போச்சேண்ணே.”

அவர் குனிந்தபடியே சொன்னார். “கண்ண மூடிக்கிருவா. வேண்டாம்னா கண்ண மூடிக்கிருவா. எனக்குத் தெரியும்.”

பிறகு நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஆசுபத்திரியில கடைசியா, தொண்டையில ஓட்டை போட்டு மூச்சு மிசின் வைக்கலாம்னாரு டாக்டரு. வச்சா இன்னுங் கொஞ்ச காலம் இருப்பான்னாரு. நான் அவகிட்டக் கேட்டேன். கண்ண மூடிக்கிட்டா. திரும்பவும் கேட்டேன், திறக்கல. நாந்தான் வேணாம்னு சொல்லிட்டு வந்தேன்.”

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றுதானே அண்ணன் எங்களிடம் சொல்லியிருந்தார்!

“அது வேண்டாந்தானா வசந்தா? இல்ல, அசந்து தூங்கிட்டாளா?”

கணினியை நாம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவில்லை. அந்த அறையில் நீங்களும் அவரும் மட்டும்தான் இருந்தீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் கூப்பிடாமலே அண்ணன் என்னோடு பெரியபட்டினத்துக்குக் கிளம்பினார். காசிம் பாய் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வெளிச்சம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெஹர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். “மூச்சு மிசினு பத்தி இப்பவே கேட்டு வச்சுக்கங்க தாயி. விரலு ஆடுறப்பவே கேட்டுருங்க. பின்னால கண்ணப் பாத்து நாமளா நினைச்சுக்கிற மாதிரி ஆயிரக் கூடாது.”

அக்கா தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக் கேட்டார். “வச்சுக்கிறீகளா மச்சான்?”

வெளிச்சம் நகர்ந்தது. ‘வேண்டாம்’ கட்டத்துக்கு வந்தது. விரல் அசையவில்லை. வெளிச்சம் அதைத் தாண்டிப் போய் முழுச் சுற்றும் சுற்றி வந்தது. ‘வேண்டும்’ கட்டத்தில் அவர் அழுத்தினார். சந்தேகமே வேண்டாம் என்பதுபோல, அடுத்த சுற்றிலும் அழுத்தினார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று இறைவனுக்கு நன்றி சொல்லி, அக்கா அவர் நெற்றியில் கை வைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணனைக் காணவில்லை.

கடற்கரையில் வல்லங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். “இந்த மனுசன் இருக்கணும்ங்கிறாரு வசந்தா. இம்புட்டுப் பாடுபட்டும் இருக்கணும்ங்கிறாரு. அவளும் அப்படி நினைச்சிருந்தா?”

‘நீங்கள் செய்தது சரிதான் அண்ணே’ என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எனக்குத் தெரியாதே. உங்களுக்கு மட்டும்தானே தெரியும் மதினி? அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “அடுத்த வாரமும் வாரேன்” என்றார்.

போன வாரம் மெஹர் அக்கா போனில் அழுதார். காசிம் பாயின் விரலில் தெம்பு குறைகிறதாம். கட்டங்களைக் குறைக்கவேண்டும். செய்தியை எடுக்கவேண்டியிருக்கும், பாட்டை எடுக்கவேண்டியிருக்கும். விரல் முழுக்க நின்றுபோனால் கண் இமைப்பை வைத்து அழுத்தும்படி செய்ய முடியுமா என்று படித்துக்கொண்டிருக்கிறேன். முடியும் போலத் தெரிகிறது.

மதினி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எதை எடுத்தாலும் அந்த இரண்டு கட்டங்களை மட்டும் எடுக்கமாட்டேன். அண்ணன் உங்களிடம் கேட்ட கேள்வியை இனி அவரைத் தனியாகச் சுமக்க விடமாட்டேன். பதில் கிடைக்காவிட்டாலும் அவர் பக்கத்தில் நான் இருப்பேன்.

உங்கள் நாத்தனாராக வந்து
தங்கச்சியாகிப்போன,
வசந்தா