அப்பாவும் நாலாவது பாஸும்

அத்திபெலே,
12-8-2007, ஞாயிறு

அன்பு மகள் தாரணிக்கு, அப்பா உத்தமன் சொல்லச் சொல்லத் தம்பி ஹரிஷ் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரு கட்டைவிரல் நீங்கலாக சௌக்கியம். அங்கே நீ எந்தப் பாகமும் நீங்காமல் முழுசாக சௌக்கியம் என்று எழுதினால்தான் அம்மாவுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்குமாம்.

நிற்க. இதனால் டப்ளின் மாநகரில் வசிக்கும் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், பொம்மசந்திரா கம்பெனியில் இருபது வருஷத்துக்கும் மேலாக பிரஸ் மெஷினோடு மல்லுக்கட்டி ஒரு கீறல்கூடப் படாமல் வீடு திரும்பிய நம் தந்தையாரின் வலதுகைக் கட்டைவிரலானது, சென்ற ஞாயிற்றுக்கிழமை, துணி வைக்கிற ஒரு சாதாரண லாக்கர் கதவிடம் தோற்றுப்போய், தற்சமயம் வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஓய்வில் இருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை. ஆகையால் வார்த்தை அப்பாவுடையது, கோழி கிளறின கையெழுத்து என்னுடையது, நடுவில் வரும் அதிகப்பிரசங்கமும் என்னுடையது. லாக்கர் எங்கே இருக்கிறது என்று கேட்பாய். பார்க்கில். எந்தப் பார்க் என்று கேட்பாய். ஆனேக்கல் ரோட்டில் உள்ள அதே பார்க், நீ நாலு பேருக்கும் வருஷ பாஸ் வாங்கிக் கொடுத்தாயே, அதேதான். அப்பாவுக்கு அங்கே என்ன வேலை என்று நீ அடுத்துக் கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லக் கூடாது என்று என்னிடமும் அம்மாவிடமும் அப்பா வாக்கு வாங்கியிருந்தார். சொல்லவும் எங்கே நேரம்? ரிசீவர் அப்பா கைக்குப் போனதும் உனக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது, அங்கே ஞாயிறும் ஆபீஸ் உண்டு போலிருக்கிறது. நீ வைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு ம், ம் என்று சொல்கிறார். நாங்களும் கவனிக்காத மாதிரி டிவி பார்ப்போம்.

போன அக்டோபரில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் உனக்குத் தெரியாத பாதியும் அதில் இருக்கிறது. உன் முதல் போனஸில் வாங்கின பாஸ், நீ ஆசை ஆசையாக எங்களைக் கூட்டிப் போன முதல் நாள், வாசலில் பையைச் சோதித்து வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்றார்கள். அம்மா விடியற்காலையில் எழுந்து கிளறின எலுமிச்சை சாதம். அதைக் குப்பைத் தொட்டியில் போடுவதா என்று அப்பாவுக்குக் கோபம் வந்தது, அது சரி, ஆனால் அந்தக் கோபத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சம்பளம் வந்துட்டா சோத்தோட அருமை தெரியாம போயிடுமா, காசு குடுத்துக் கத்துறதுக்கு நான் வரல, நீங்க போய்க் கூத்தடிங்க என்று உன்னைப் பார்த்துச் சொன்னார் பார், அது சரியில்லை. பார்க்கிங் மரத்தடியில் போய் உட்கார்ந்தவர் நீ எத்தனை முறை வந்து கூப்பிட்டும் எழவில்லை. உனக்குத் தெரியாத பாதி இதுதான்: அந்தச் சாதத்தை அவரும் சாப்பிடவில்லை. டிபன் கேரியரோடு ஒரு டெம்போ டிரைவருக்குக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நம்மிடம் வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னார். கேரியரை பஸ்ஸில் தொலைத்துவிட்டதாக அம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் நீ டப்ளினுக்கு விமானம் ஏறினாய், ஏர்போர்ட்டில் அம்மாவைக் கட்டிக்கொண்டாய், என் தலையில் தட்டினாய், அப்பாவிடம் மட்டும் வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நீ போன மறு ஞாயிறு காலையில் அப்பா பீரோவிலிருந்து நாலு பாஸையும் எடுத்து மேஜைமேல் வைத்து, கெளம்புங்க, அவ வாங்கினது வீணாகக் கூடாது என்றார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றிலிருந்து எந்த ஞாயிறும் தப்பவில்லை, மழையானாலும், பந்த் ஆனாலும். எனக்கு பிசிக்ஸில்தான் பாஸ் இல்லை, பார்க்கில் இருக்கிறது என்று சொல்லி ஒருமுறை அறை வாங்கினேன். அந்தப் பாஸைப் பிழிகிற கலையில் அப்பா இப்போது பெரிய வித்வான். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போனதும் எல்லோரும் முதலில் கண்ணில் படுகிற ராட்டினத்துக்கு ஓடுவார்கள், நாம் நேரே கடைக்கோடிக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். தண்ணீர் விளையாட்டுக்குக் காலையில் போகக் கூடாது, சிட்டி பஸ்கள் வந்து இறங்குகிற நேரம் அது, எல்லோரும் சாப்பிடப் போகும்போது போனால் அலைக்குளம் நம் சொந்தக் குளம். பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை, நைலான்தான் போட வேண்டும், அதற்கு வாராவாரம் வாடகை கொடுப்பானேன் என்று அத்திபெலே சந்தையில் ஒரு அரை டிராயர் வாங்கிவிட்டார், ஊதா நிறம், பச்சைக் கிளி போட்டது. அதைப் போட்டுக்கொண்டு அவர் முதல்முறை வெளியே வந்தபோது நான் வேறு யாருடைய மகனோ போலத் திரும்பி நின்றுகொண்டேன். அம்மாவுக்குத் தண்ணீரும் வேண்டாம், உயரமும் வேண்டாம், பொம்மை ரயிலில் ஏறி சுற்றிச் சுற்றி வருகிறாள், டிரைவர் அவளுக்காக ஜன்னல் பக்கம் இடம் பிடித்து வைக்கிறான். நான் தலைகீழ் ரயில். அது போகிற போக்கில் ஆளையே கவிழ்த்துப் போட்டுவிட்டு நிமிர்த்தும். அதில் நான் ஏறின ஏற்றத்துக்கு இப்போது நேராக நடப்பதுதான் எனக்குத் தலைசுற்றலாக இருக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்களே எனக்கு வணக்கம் வைக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது வாரமே அப்பா கண்டுபிடித்துவிட்டார். வாசலில் கேட்டால் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள், வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அதைக் காட்டி மறுபடி உள்ளே வரலாம். அவ்வளவுதான் அக்கா. நாங்கள் இப்போது மத்தியானம் அதே மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போகிறோம். முதல்முறை அந்த முத்திரையைக் கையில் குத்திக்கொண்டு அப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்னிக்கே வாசல்ல இருந்தவன ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும்டா, நான் கேக்கல, கத்தினேன் என்றார். அவ்வளவு சொல்லிவிட்டு ஊறுகாயை என் பக்கம் தள்ளினார்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. வாசலில் இருக்கும் கோவிந்தப்பா பாஸை மெஷினில் தேய்த்தால் பச்சை விளக்கு எரியும், சுழல் கம்பி ஒரு ஆளை உள்ளே விடும். அப்பா முதல் வாரமே நாலு பாஸையும் நீட்டினார். மூரு ஜன இதீரா, நாக்கு பாஸ் யாக்கே ஸார் என்று அவர் கன்னடத்தில் கேட்டார், மூன்று பேருக்கு நாலு எதற்கு என்று. அது எம் மகளோடது, அவ பணம் கட்டியிருக்கா, தேய்ங்க, சும்மா கெடந்தா செத்துப் போயிடும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். தேய்க்காத பாஸ் காலாவதியாகிவிடும் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது. பின்னால் நிற்பவர்கள் முனக ஆரம்பிக்கவும் கோவிந்தப்பா தேய்த்துவிட்டார். விளக்கு எரிந்தது, உள்ளே போக ஆள் இல்லை, அவரே கையால் கம்பியை ஒரு சுற்று சுற்றிவிட்டார், அது முழுசாகச் சுற்றி நிற்கும் வரைக்கும் அப்பா நகரவில்லை. அதுவே வாராவாரம் வழக்கமாகிவிட்டது. மகளு பர்த்தாளா ஸார் என்று கோவிந்தப்பா கேட்பார், பர்த்தாளெ பர்த்தாளெ, வருவாள் என்று அப்பாவும் அவர் கன்னடத்திலேயே பதில் சொல்லிவிட்டுப் போவார். அப்படியாக நீ டப்ளினில் மழையில் நனைந்துகொண்டிருந்த வாரமெல்லாம் இங்கேயும் நனைந்திருக்கிறாய், கணக்குப்படி.

கம்ப்யூட்டருக்கு இந்தக் கதை தெரியுமா? போன மாதக் கடைசியில் உன் பெயருக்கு வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. இந்த ஆண்டில் அதிகமுறை வந்த விருந்தாளி செல்வி தாரணி உத்தமன், நேரில் வந்து சால்வையும் நாலு பேருக்கு இன்னொரு வருஷ பாஸும் பெற்றுக்கொள்ளவும் என்று. அம்மாவுக்கும் எனக்கும் அதே கணக்குதான், அப்பாவுக்கு அந்த முதல் நாள் ஒன்று குறைவு, உன் பெயர் முதலில் வந்துவிட்டது, வாங்கினவள் நீதானே. அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். எனக்குத்தான் மூளை வேலை செய்தது. மாடி வீட்டு சில்வெஸ்டர் அங்கிள் மகள் லவினா உன் உயரம், பாஸில் உள்ள உன் போட்டோ உனக்கே அடையாளம் தெரியாதது. ஒரு பிளேட் கோபி மஞ்சூரியனுக்கு அவளைப் பேசி முடித்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து உன் நீலச் சுடிதாரை எடுத்துக் கொடுத்தேன். சென்ற ஞாயிறு அவளை முன்னால் அனுப்பிவிட்டு, அப்பாவிடம் பார்க் ஆபீஸ் வரை வாருங்கள், கையெழுத்து மட்டும் போட வேண்டுமாம் என்று கூட்டிப்போனேன். நாங்கள் உள்ளே போகும்போது மேனேஜர் வெங்கடராமன் லவினாவுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பக்கத்துக்காரர், தமிழிலேயே பேசினார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, நானும் ரெண்டு பொண்ணு பெத்தவன் சார், வாராவாரம் பொண்ணக் கூட்டிட்டு வர்ற அப்பாவ நான் பாத்ததே இல்ல, குடுத்து வெச்சவங்க நீங்க என்றார்.

அப்பா லவினாவைப் பார்த்தார். சுடிதாரைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். பிறகு அப்பா சொன்னதை நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், இது ஒன்றில் மட்டும் என் சேட்டை இல்லை. சார், இது எம் பொண்ணு இல்ல. எம் பொண்ணு வெளிநாட்டுல இருக்கா. இந்தப் பார்க்குக்கு அவ வந்தது ஒரே ஒரு நாள், அன்னிக்கு நான் உள்ள வரல. வெளிய உக்காந்துட்டேன். வந்து வந்து கூப்பிட்டா, நான் எழுந்திருக்கல. பெத்தவன்ற திமிரு சார், வேற ஒண்ணும் இல்ல. அவ சந்தோசமா வாங்கிக் குடுத்தத நாலு பேர் முன்னால கேவலப்படுத்திட்டேன். அப்புறம் அவ பாஸ நான்தான் தேய்க்கச் சொன்னேன், கோவிந்தப்பா மேல தப்பு இல்ல. எம்மேலதான். அவகிட்ட சொல்ல வேண்டியத ஒங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன் பாருங்க. இப்படிச் சொல்லிவிட்டு, கும்பிட்டார். லவினா அழுதுகொண்டே சால்வையை மடித்து மேஜைமேல் வைத்தாள். மேனேஜர் எல்லோருக்கும் பாதாம் பால் வரவழைத்தார், ரூல்ஸ்படி பரிசு இனி வேற குடும்பத்துக்குத்தான் போகும் சார், தப்பா நெனச்சுக்காதீங்க என்றார். அதான் நியாயம் என்றார் அப்பா. வெளியே வந்து லாக்கரில் துணி எடுக்கும்போதுதான் கட்டைவிரல் மாட்டியது, அவர் கண் கதவில் இல்லை. என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுடிதாரைத் துவைத்து இஸ்திரி போட்டு இருந்த இடத்தில் வை என்று மட்டும் சொன்னார், வைத்துவிட்டேன். எனக்கு இன்னும் மனசு சரியில்லை அக்கா, உன் துணியை வேறொருத்திக்குக் கொடுத்திருக்கக் கூடாது.

இன்று பார்க்கிலிருந்து திரும்பியதும் அப்பா எழுதச் சொன்னது இவ்வளவுதான்: ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. ரொட்டியைத் தின்றே காலம் தள்ளாதே, அரிசி எங்கே கிடைக்கிறது என்று விசாரி. தலைக்கு எண்ணெய் வை. அம்மாவின் பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போகிறது. பிறகு வேற என்ன, வேற என்ன என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு, பாஸ் செப்டம்பர் முப்பதோட முடியுதுன்னு எழுது என்றார். அதோடு பால் வாங்கக் கிளம்பிவிட்டார், வீட்டில் பால் இருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து, அவரு வாயில வான்னு வராதுடா, முப்பதாம் தேதின்னா அதான் அர்த்தம், அவளுக்குப் புரியும், எழுது என்கிறாள். எழுதிவிட்டேன். லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த ஞாயிறு ஃபோனில் அவர் குரல் வந்ததும் ஆபீஸ் அழைப்பை வர விடாதே. அவர் ஒன்றும் பேச மாட்டார், ம், ம் என்றுதான் சொல்வார், நீயும் அந்தப் பக்கம் இருந்துகொண்டு சொல்லு.

நீ உடம்பு நோகாமல், மனசு நோகாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனதார ஆசீர்வாதம். பதில் போட மறக்காதே, நாலு வரியானாலும் அப்பா பெயருக்குப் போடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
உத்தமன்
(இடது கையால் அவரே போட்டது, சிரிக்காதே)

பி.கு. கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று. தலைகீழ் ரயிலில் நான் ஒருநாள்கூட ஏறினதில்லை. வரிசையில் கடைசிவரை போவேன், கதவுகிட்டே போனதும் வயிறு வலி வந்துவிடும். வணக்கம் வைப்பவர்கள் கிண்டலுக்கு வைக்கிறார்கள். ஏறுவது அப்பா. ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு முறை, அவருக்கும் பயம்தான், ஏறும்போதே முகம் வெளுத்துவிடும். ஏன் ஏறுகிறீர்கள் என்று கேட்டேன். உச்சிக்குப் போனதும் பார்க்கிங் மரத்தடி பளிச்சென்று தெரியுதுடா, அன்னிக்கு அவ தனியா ஏறினப்போ நான் உக்காந்திருந்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும் என்றார். அதில் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வைப்பார்கள். அவர் பக்கத்தில் யார் யாரோ முகம் தெரியாதவர்கள் உட்காருகிறார்கள். நான் கீழே அவருடைய படிக்கிற கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். சத்தியமாக என்னால் முடியவில்லை அக்கா, பயமாக இருக்கிறது.