சுற்றிக்கொண்டே இருந்த கேள்வி

அக்டோபர் 3, வெள்ளி. அரியலூர்.

பெரம்பலூரில் எடுத்த அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் சாயந்திரம்தான் வரும் என்றார்கள். அதற்குள் லாரி ஆபீஸிலிருந்து போன். அங்கே நெட்வொர்க் போட்டுக் கொடுத்தது நான்தான். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திறந்தால் கம்ப்யூட்டர், வைஃபை எதுவுமே வேலை செய்யவில்லை. ரசீது போட முடியாமல் சுண்ணாம்புக்கல் லாரிகள் வாசலில் நின்றன.

கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அதன் விளக்குகள் எல்லாம் வெறி பிடித்தது போல் மின்னின. பார்த்தால், ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் அதே பெட்டியில்.

கணக்கு எழுதும் செல்வி மெதுவாகச் சொன்னாள். "பூஜைக்குத் தொடைக்கிறப்ப ஒரு நுனி தொங்கிட்டு கெடந்துச்சுக்கா. அசிங்கமா இருக்கேன்னு காலி ஓட்டையில சொருவிட்டேன்."

பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. லாரிகள் கிளம்பின.

"உள்ள என்னக்கா ஆச்சு?"

"ஏதோ ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர் எங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டிருக்கும். அந்தக் கேள்வி எறங்க எடமில்லாம சுத்திச் சுத்தியே பெருகிடுச்சு. வேற எதையும் நகர விடல."

"பிரிண்டர் பதில் சொல்லலையா?"

"சொல்லியிருக்கும்."

"அப்பறமும் ஏன் சுத்துது? பதில் வந்துடுச்சுன்னு கேள்விகிட்ட யாருக்கா சொல்றது?"

எனக்கு இது தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வண்டி ஓட்டி வந்த வழியெல்லாம் அதையே யோசித்தேன்.

சாயந்திரம் ரிப்போர்ட் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார் பெரம்பலூர் டாக்டர். அப்பா சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். நான்தான் இரண்டு முறை எழுந்து போய், அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

எந்தக் கேபிளைப் பிடுங்குவது?